கன்று பால் மறப்பிக்கும் கிழமை: பக்கத்தில் குடியிருப்பு வந்துவிட்டால் என்ன செய்வது?

புதுப்பண்ணை | கவார்த்தா லேக்ஸ், ஒன்ராறியோ

எல்லாருக்கும் வணக்கம். ஒக்ரோபரில 11 இறைச்சிக் கன்றையும் பால் மறப்பிக்க வேணும்.

விபரம் இதுதான். 32 ஏக்கர், 11 பசு, அங்கஸ்–ஹெரிஃபோர்ட் கலப்பு. கன்றுகள் மார்ச் கடைசியிலயும் ஏப்ரலிலயும் பிறந்தவை. 6 நாகு, 5 காயடிச்ச நாம்பன். ஒக்ரோபர் நடுப்பகுதியில சராசரி 240–250 கிலோ வரும். மேற்கு எல்லையில முந்திச் சோளம் போட்ட காணியைப் பிரிச்சு வித்து இப்ப 5 வீடு. மாடு வளர்த்த ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ஆகக் கிட்டின வீட்டுப் படுக்கையறை யன்னலுக்கும் பட்டிக்கும் 70 மீற்றர்.

இதுவரை செய்யிற முறை: ஒரு காலமை கன்று எல்லாத்தையும் கொட்டிலுக்க அடைச்சிட்டு, தாய்மாரை முன் வயலுக்கு விடுறது. பிறகு மூண்டு இரவு விடாத கதறல். போன வருசம் மிருகவதை எண்டு முறைப்பாடு போயிட்டுது.

கன்று ஊட்டாமல் மறைக்கிற மூக்குத் தட்டு போடுறதா, தாயையும் கன்றையும் வேலிக்கு அங்கால இங்கால விடுறதா? அயலவருக்கு என்ன சொல்லுறது? சட்டம் யார் பக்கம்? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

---

மாட்டு வைத்தியர் | பீற்றர்பரோ

தம்பி, நீங்கள் செய்யிற முறையில ஒரே காலமை நாலு விசயம் கன்றுக்கு இல்லாமல் போகுது: பால், தாய், பழகின வயல், பழகின சாப்பாடு. அயலவர் கேட்கிறது இந்த நாலும் சேர்ந்த சத்தம். ஒவ்வொண்டாய்ப் பிரிச்சு எடுத்தால் சத்தமும் குறையும், கன்றும் நிறை இழக்காது, வருத்தமும் குறையும். அயலவருக்காக ஒரு முறை, கன்றுக்காக இன்னொரு முறை எண்டு தேடத் தேவையில்லை.

ஊரில கறவைப் பசுவின்ர கன்றை இரவில தனியக் கட்டி, காலமை கறந்த பிறகு ஊட்ட விடுவம். முதல் கிழமைகளிலயே அது தாயை விட்டு இருக்கப் பழகிடும். இங்க இறைச்சிக் கன்று 200 நாளாய் ஒரு இரவுகூடத் தாயைப் பிரியாமல் நிண்டது. அதிர்ச்சி பெரிசாய்த்தான் இருக்கும்.

பிரிச்ச உடனே பெரிய சத்தம் வராது. அடுத்த ஊட்டுக்கான நேரம் தப்பி, தாய்க்கு மடி கட்டத் துவங்கேக்கதான் கூப்பிடும். காலமை 9 மணிக்குப் பிரிச்சால் பின்னேரம் துவங்கி இரவில ஏறும். முதல் 48 மணித்தியாலம்தான் உச்சம். மூண்டாம் நாலாம் நாளில குரல் அடைச்சு, சத்தம் விழும்.

இரண்டு முறைக்குமே நல்ல ஆய்வு இருக்குது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தவர் 2005 இல வெளியிட்டதில, மூக்குத் தட்டோட தாயின்ர பக்கத்திலயே பால் மறந்து, பிறகு பிரிச்ச கன்றுகள், ஒரேயடியாய்ப் பிரிச்ச கன்றுகளை விட ஏறத்தாழ 97 வீதம் குறைவாய்க் கத்தினது. நடந்து அலைஞ்சது ஏறத்தாழ 79 வீதம் குறைவு. கலிபோர்னியாவில டேவிஸ் பல்கலைக்கழகம் 2003 இல வெளியிட்டது வேலி முறையைப் பற்றி. தாயை வேலிக்கு அங்கால கண்டுகொண்டு நிண்ட கன்றுகள் முதல் இரண்டு கிழமையில, முழுசாய்ப் பிரிச்ச கன்றுகளை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிறை கூடினது. 10 கிழமைக்குப் பிறகும் அந்த வித்தியாசம் மறையேல்லை.

70 மீற்றரில வீடு இருக்கிற இடத்தில இரண்டையும் சேர்த்துச் செய்யிறது நல்லது எண்டது என்ர கருத்து. முதல் தட்டு, பிறகு வேலி.

---

கொங்குப்பட்டி | ரெட் டியர், ஆல்பர்ட்டா

வணக்கம்ங்க. மூக்குத் தட்டு பத்தி மட்டும் சொல்றேன்.

கையகல பிளாஸ்டிக் தகடுங்க. மூக்கைக் குத்த வேண்டியதில்ல. ரெண்டு நாசிக்கும் நடுவுல இருக்கற தண்டைக் கவ்விகிட்டுத் தொங்கும். கன்னு தலையைக் குனிஞ்சா தட்டு முன்னால ஊசலாடி விலகும், புல்லு மேயலாம், தண்ணி குடிக்கலாம். தலையைத் தூக்கி மடிக்குப் போனா தட்டு வாய் மேல விழுந்து காம்பை மறைச்சிரும்.

மாட்டற விதம்: ஹெட்கேட்ல, அதாவது மாட்டுக் கழுத்தைப் பிடிச்சு நிறுத்தற இரும்புக் கதவுல, தலையை இறுக்கிட்டு, ஒரு ஆள் தாடையைப் பிடிச்சு முகத்தை ஒரு பக்கமாத் திருப்பணும். தட்டைச் சாய்ச்சு ஒரு முனையை ஒரு நாசிக்குள்ள விட்டு, முறுக்கி, அடுத்த முனையை அடுத்த நாசிக்குள்ள தள்ளணும். கை பழகிட்டா அரை நிமிசம்தானுங்க. மாட்டினதும் லேசா இழுத்துப் பாருங்க. சும்மா வந்தா வயல்ல நிக்காது. நடுத்தண்டை அழுத்திக் கடிச்சாலும் புண்ணாயிரும். தண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல கொஞ்சம் ஆட்டம் இருக்கணும்.

நாள் கணக்கு முக்கியங்க. 4 நாளுக்குக் குறைஞ்சா தாய்க்குப் பால் வத்தாது. 7 நாளுக்கு மேல போனா மூக்குல உராய்ஞ்சு புண்ணு வரும். 5 அல்லது 6 நாள் சரியா இருக்கும். ஒண்ணு ரெண்டு விழுந்து தொலையும், அதனால 11 கன்னுக்கு 13 தட்டு வாங்குங்க. கழட்டினதும் சோப்புத் தண்ணில தேச்சு, கிருமிநாசினில ஊற வெச்சு, காயப் போட்டு எடுத்து வெச்சா அடுத்த வருசத்துக்கு ஆகும்.

தினம் ரெண்டு வேளை மடியைப் பாக்கணும். நாலு காம்பும் காஞ்சு, மங்கி, தூசி ஒட்டியிருந்தா கன்னு குடிக்கல. ஒரு காம்பு மட்டும் ஈரமா, கழுவி வெச்சாப்பல பளபளன்னு இருந்தா அந்தத் தாயோட கன்னு தட்டைத் தொலைச்சிருச்சு, இல்ல பக்கவாட்டுல நின்னு திருடக் கத்துகிச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே பிடிச்சு மாத்தித் தட்டு போடணும். இல்லைன்னா அந்த ஜோடிக்கு மட்டும் பிரிக்கற அன்னிக்கு முதல் நாள் கணக்குத்தான், மொத்தச் சத்தமும் அதுக ரெண்டுகிட்ட இருந்தே வரும்.

நம்மூர்ல முள்ளு வெச்ச மூக்குக் கூடு போடுவாங்க. இங்கயும் முள் வளையம் விக்கறாங்க. அதைத் தொடாதீங்க. முள்ளு மடியைக் குத்தும், தாய் வலியில உதைக்கும், காம்புல கீறல் விழுந்து மடிவீக்கத்துக்கு வழியாகும்.

---

புதுப்பண்ணை

நன்றி. ஒரு கேள்வி. பட்டிக்க இருக்கிற தண்ணிக் கிண்ணம் மூக்கால துடுப்பை அமத்தினால் தண்ணி வாற வகை. தட்டோட அது சரிவருமா?

---

கொங்குப்பட்டி

கேட்டது நல்லதாப் போச்சுங்க. வராது. தட்டு முன்னால முட்டிக்கும், கன்னால துடுப்பை அமுத்த முடியாது. தண்ணி பக்கத்துலயே நின்னு தாகத்துல வாடிப் போகும். ஒரு நாளைக்கு அப்புறம் தீவனமும் எடுக்காது. கண்ணு குழி விழுந்து, சாணி கெட்டியானதுக்கு அப்புறந்தான் நமக்கே தெரியவரும்.

திறந்த தொட்டி வைங்க. 400–500 லிட்டர் தொட்டி போதும், விளிம்பு 50–60 சென்டிமீட்டர் உயரம் இருந்தா கன்னுக்கு எட்டும். தட்டு போடறதுக்கு ஒரு வாரம் முன்னாலயே வெச்சுப் பழக்கிருங்க. கன்னு மட்டும் திங்கற குறுகலான க்ரீப் தீவனப் பெட்டியும் இதே மாதிரிதான் இடிக்கும். அகலமான தொட்டில போடுங்க.

---

கம்பிவேலி | கிரே கவுண்டி

வேலி முறையில வேலிதான் எல்லாம். வேலி சரியில்லையெண்டால் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

1.2 மீற்றர் உயரப் பேஜ் வயர் (சதுரக் கண் வைச்ச கம்பி வலை), 4 மீற்றருக்கு ஒரு கட்டை. கன்றுப் பக்கத்தில, நிலத்தில இருந்து 60–65 சென்ரிமீற்றர் உயரத்தில, பேஜ் வயரில இருந்து 15–20 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு மின்கம்பி. தாய்ப் பக்கத்தில இதே மாதிரி 90 சென்ரிமீற்றரில ஒண்டு. மின்கம்பி இல்லாட்டில் தாய் நெஞ்சைக் குடுத்துத் தள்ளும். இரண்டு நாளில கட்டை சரிஞ்சிடும். கன்று கீழால தலையை விட்டு ஊட்டும். ஆகத் தூரத்து முனையில வோல்ற்மீற்றர் வைச்சுப் பாருங்கோ, 4,000 வோல்ற்றுக்குக் குறையக் கூடாது. குறைஞ்சால் பெரும்பாலும் புல்லுக் கம்பியில முட்டுது, இல்லையெண்டால் நிலத்தில அடிச்ச எர்த் கம்பியைச் சுத்தி மண் காஞ்சு போச்சு.

மின்கம்பி எண்டால் என்னெண்டு கன்றுக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும். தெரியாத கன்று சூடு பட்டதும் பின்னால வராது, முன்னால பாயும்.

உடையிற இடம் நடுவேலி இல்லை, மூலையும் படலையும்தான். மாடுகள் மூலையில வந்து குவிஞ்சு தள்ளும். மூலையில இரண்டு பேனல் (கழட்டி மாட்டுற வேலிச் சட்டம்) சாய்வாய் வைச்சுக் கூர் மூலையை மழுக்கி விடுங்கோ. படலைக்குக் கொளுக்கி போதாது, சங்கிலி போடுங்கோ. கீல் பக்கத்தை மறக்க வேண்டாம்: கீழ்க் கீல் ஆணி மேல் நோக்கியும் மேல் கீல் ஆணி கீழ் நோக்கியும் இருந்தால்தான் மாடு தூக்கிக் கழட்டாது.

யாரை நகர்த்துறது? தாயை. கன்று தனக்குத் தெரிஞ்ச வயலில, தெரிஞ்ச தண்ணித் தொட்டியோட நிக்கட்டும். தாய் வேலிக்கு அங்கால போகட்டும். பழைய முறையில நீங்கள் கன்றைக் கொட்டிலுக்க அடைச்சதுதான் பாதிச் சத்தத்துக்குக் காரணம். தகரச் சுவருக்குள்ள கத்தினால் கொட்டில் மேளம் மாதிரி அதிரும்.

---

மேய்ச்சல் நிலம் | ரென்ஃப்ரூ

நான் தட்டுக்கு எதிர். 11 கன்று வைச்சிருக்கிற ஆளிட்ட சரியான ஹெட்கேற் இருக்குமோ தெரியாது. தட்டுப் போட ஒருக்கா, கழட்ட ஒருக்கா, ஒரு கிழமைக்க இரண்டு தரம் பிடிச்சு அடைக்கிறதும் கன்றுக்கு அதிர்ச்சிதான். கயித்தில பிடிச்சுக் கட்டித் தட்டுப் போடுறது கன்றுக்கும் ஆளுக்கும் ஆபத்து. நல்ல வேலி இருந்தால் வேலி மட்டும் போதும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் கத்தும், மூண்டாம் நாள் வேலிக்கு இரண்டு பக்கமும் படுத்து அசைபோடும்.

---

மாட்டு வைத்தியர்

ஹெட்கேற் இல்லாத பண்ணைக்கு நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. இருக்கிற பண்ணையில, அடைக்கிற இரண்டு நாளையும் வீணாக்காமல் ஊசியோட சேர்த்துக் கணக்குப் பண்ணலாம்.

பால் மறப்பிக்கிறதுக்கு 4–5 கிழமைக்கு முதல்: சுவாச நோய்த் தடுப்பூசி, அதாவது ஐபிஆர், பிவிடி, பிஐ3, பிஆர்எஸ்வி எண்ட நாலு வைரசுக்கும் சேர்ந்தது, குளொஸ்ரிடியம் எண்ட பக்ரீரியா வகைக்கு 8 வகை ஊசி, தேவையெண்டால் பூச்சி மருந்து. இரண்டாம் தரம் போடுற ஊக்க ஊசிக்கான இடைவெளியை மருந்துப் பெட்டியில பார்த்துச் செய்யுங்கோ. தட்டுப் போடுற நாளிலயே அதை வைக்கலாம். பிரிக்கிற நாளில ஊசி போட வேண்டாம். அண்டைக்குக் கன்றின்ர உடம்பு இன்னொண்டோட போராடிக்கொண்டு நிக்கும், ஊசி சரியாய்ப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசியைச் சினைத் தாயிட்டப் பால் குடிக்கிற கன்றுக்குப் போடுறதெண்டால், அந்தத் தாய்க்கு மருந்துப் பெட்டியில சொன்னபடி முதலே ஊசி போட்டிருக்க வேணும். இல்லையெண்டால் கருச்சிதைவு ஆபத்து. உங்கட வைத்தியரிட்டத் தாயின்ர பதிவைக் காட்டிக் கேட்டிட்டுத்தான் செய்ய வேணும்.

காயடிக்கிறது, கொம்பு எடுக்கிறது எல்லாம் கன்று சின்னனாய் இருக்கேக்கயே முடிஞ்சிருக்க வேணும். கனடாவின்ர இறைச்சி மாட்டுப் பராமரிப்பு நெறிமுறைப்படி 6 மாசத்துக்கு மேற்பட்டதைக் காயடிக்கிறதெண்டால் வலி மருந்து கட்டாயம். பால் மறப்பிக்கிற கிழமையில இதைச் சேர்க்கவே கூடாது.

இன்னொண்டு: 2018 டிசம்பர் 1 க்குப் பிறகு முக்கியமான அன்ரிபயோற்றிக் ஒண்டும் தீவனக் கடையில கை நீட்டி வாங்கேலாது, வைத்தியரின்ர சீட்டு வேணும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு கன்று மூச்சு வாங்கேக்க வைத்தியரைத் தேடாமல், முதலே பண்ணையைக் காட்டி வையுங்கோ.

பிரிச்சு முதல் மூண்டு கிழமை, காலமை தீவனம் போட முதல் 10 நிமிசம் நிண்டு பாருங்கோ. எல்லாம் எழும்பி வரேக்க பின்தங்குறது எது? இடப்பக்க விலா குழி விழுந்தது எது? காது தொங்கி, மூக்கால தடிச்ச சளி வடியிறது எது? அதைப் பிடிச்சு வெப்பம் பாருங்கோ. 38.5–39.5 பாகை வழமை. 40 தாண்டினால் அண்டைக்கே வைத்தியரைக் கூப்பிட வேணும். மூண்டு நாலு கிழமை கழிச்சு இரத்தம் கலந்த கழிச்சலும் முக்கலும் கண்டால் அது கொக்சிடியா எண்ட குடல் ஒட்டுண்ணி வருத்தம். பெரும்பாலும் நிலத்தில தீவனம் போட்ட, சாணி மிதிபட்ட பட்டியில வரும்.

---

நாகு வளர்ப்பு | டரம் பகுதி

அயலவர் பற்றி நான் எழுதுறன்.

கடிதம் 10 நாளைக்கு முதல், கையால, கதவைத் தட்டிக் குடுக்க வேணும். பெட்டிக்க போட்டிட்டு வந்தால் விளம்பரக் கடதாசியோட போயிடும். நீளமாய் எழுத வேண்டாம். இங்கிலிசில எழுதுவியள்தானே, அதில இவ்வளவும் இருந்தால் காணும்:

«அடுத்த திங்கட்கிழமை எங்கட கன்றுகள் தாயிடம் பால் குடிப்பதை நிறுத்துகின்றன. இப்போது அவற்றுக்கு ஏறத்தாழ 6 மாதம். புல்லும் தீவனமும் சாப்பிடும் வயது. தாய்க்கு அடுத்த கன்று வசந்த காலத்தில் வரும், அதற்கு முன் உடம்பு தேற வேண்டும். திங்கள் இரவும் செவ்வாய் இரவும் இரண்டு பக்கமும் கூப்பிடும். வியாழனுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லா மாட்டுக்கும் எந்நேரமும் தண்ணீரும் வைக்கோலும் உண்டு. ஏதும் மாடு வேலிக்கு வெளியே நின்றாலோ, விழுந்து கிடந்தாலோ, எந்த நேரமும் இந்த எண்ணுக்கு அழையுங்கள். தயவு செய்து வேலிக்கு மேலால் எதுவும் போட வேண்டாம். நாயைக் கட்டிப் பிடியுங்கள்.»

திகதியும் தொலைபேசி எண்ணும்தான் இதில முக்கியம். எப்ப முடியும் எண்டு தெரிஞ்ச சத்தத்தை மனிசர் பொறுப்பினம். போன் வந்தால் இரவு 2 மணியெண்டாலும் எடுக்க வேணும். எடுக்காட்டில் அடுத்த போன் பொலிசுக்குத்தான் போகும்.

«வேலிக்கு மேலால எதுவும் போட வேண்டாம்» எண்ட வரியை விட்டிட வேண்டாம். கன்று கத்தினால் பசி எண்டு நினைச்சு, பாவம் பார்த்து, வீட்டுத் தோட்டத்தில வெட்டினதைக் கொண்டுவந்து போடுவினம். ஒக்ரோபர் எண்டால் வேலிச்செடி கத்தரிக்கிற காலம். வீட்டு முன்னால அழகுக்கு வைக்கிற யூ செடி, ஊசி மாதிரிக் கரும்பச்சை இலையும் சிவப்புப் பழமும் இருக்கும், அதின்ர ஒரு சின்னக் கட்டே ஒரு கன்றைக் கொல்லப் போதும். வருத்தக் குறி காட்டாது, இதயம் நிண்டு விழுந்து கிடக்கும். காஞ்சாலும் நஞ்சு போகாது. காட்டுச் செரி மரக்கிளை வாடினால் சயனைட் நஞ்சு. குவிச்ச புல்வெட்டு உள்ளுக்க சூடேறிப் புளிச்சு வயிற்றைக் கெடுக்கும். முழு அப்பிள் தொண்டையில அடைக்கும். முதல் நாளே எல்லை நெடுக நடந்து பார்த்து, எந்த வளவில யூ நிக்குது எண்டு குறிச்சு வையுங்கோ. அந்த வீட்டாருக்குச் செடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கோ.

சட்டம்: ஒன்ராறியோவில 1998 ஆம் ஆண்டின் விவசாய, உணவு உற்பத்திப் பாதுகாப்புச் சட்டம் இருக்குது. மணம், தூசி, இலையான், வெளிச்சம், புகை, சத்தம், அதிர்வு எண்ட ஏழும் வழமையான பண்ணை நடைமுறையால வந்தால், தொல்லை எண்டு வழக்குப் போட்டு விவசாயியை வெல்லேலாது. வழமையான நடைமுறையோ இல்லையோ எண்டு பிணக்கு வந்தால் தீர்மானிக்கத் தனிச் சபை இருக்குது. ஆனால் இது மிருகநலச் சட்டத்துக்குக் கவசம் இல்லை. 2020 ஜனவரியில இருந்து மாகாண மிருகநலப் பரிசோதகர்கள்தான் முறைப்பாட்டைப் பார்க்க வருவினம். வந்தால் வாசலில மறிச்சுச் சட்டம் கதைக்க வேண்டாம். தண்ணித் தொட்டியைக் காட்டுங்கோ, தீவனத்தைக் காட்டுங்கோ, ஊசிப் பதிவையும் அயலவருக்குக் குடுத்த கடிதத்தின்ர கொப்பியையும் காட்டுங்கோ.

---

மேய்ச்சல் நிலம்

யூ பற்றி எழுதினதுக்கு நன்றி அக்கா. மாடு வைச்சிருக்கிற ஆக்களிலயே பாதிப்பேருக்கு உது தெரியாது.

---

கம்பிவேலி

தீவனமும் இடமும் பற்றிக் கொஞ்சம்.

பிரிச்ச கன்று முதல் இரண்டு நாள் வேலி நெடுக நடக்கும். தொட்டியை வயல் நடுவில வைச்சால் காணாது. நடக்கிற பாதைக்குக் குறுக்கால, வேலிக்குச் செங்குத்தாய் வையுங்கோ, மோதித்தான் தீர வேணும். ஒரு கன்றுக்கு 45–60 சென்ரிமீற்றர் தொட்டி நீளம். 11 கன்றுக்கு 6 மீற்றர் கணக்காய் இருக்கும். தண்ணித் தொட்டியும் அதே வேலியோரம். முதல் நாள் தண்ணியை நிப்பாட்டுற மிதவையைக் கொஞ்சம் பதிச்சுத் தண்ணி சலசலக்க விட்டால், சத்தம் கேட்டு வரும்.

சாப்பாடு: புல்லும் லூசேர்னும் (குதிரைமசால்) கலந்த இரண்டாம் வெட்டுக் காஞ்ச புல்லு, மென்மையான தண்டு. காத்துப் புகாமல் மூடிப் புளிக்க வைச்ச சைலேஜ் தீவனம் முதல் கிழமை வேண்டாம், பழகாத கன்று மணந்திட்டுப் போயிடும். 245 கிலோக் கன்று நாளுக்கு 6–7 கிலோ உலர் தீவனம் எடுக்க வேணும். 16 வீதப் புரதத் தானியக் கலவை, உடம்பு நிறையில அரை வீதம், கிட்டத்தட்ட 1.2 கிலோவில துவங்குங்கோ. பிரிக்கிறதுக்கு இரண்டு கிழமைக்கு முதலே, தாயோட நிக்கேக்கயே காட்டிப் பழக்க வேணும். கத்துது எண்டு பாவப்பட்டுத் தானியத்தை ஒரேயடியாய்க் கூட்டினால் வயிறு புளிச்சுப் படுத்திடும்.

தானியத்தைப் பின்னேரம் போடுங்கோ. நல்லாய் இருட்ட முதல் வயிறு நிறைஞ்ச மாடு படுத்து அசைபோடும், அசைபோடுற மாடு கத்தாது. இரவில பெரிய லைற் போட வேண்டாம். வெளிச்சத்தில மாடு நடக்கும், அயலவருக்கும் கண்ணுக்குள்ள அடிக்கும்.

தாய்மாருக்கு அந்தக் கிழமை முத்தின, சத்துக் குறைஞ்ச வைக்கல்தான். நல்ல சாப்பாடு போட்டால் பால் ஊறும். மடி கட்டுது எண்டு கறந்து விடக் கூடாது, கறந்தால் வத்தாது. மடியின்ர ஒரு கூறு மட்டும் சூடாய், சிவந்து, அமத்தினால் உதைச்சால் அது மடிவீக்கம். அதைத்தான் பார்க்க வேணும்.

கன்றுக் கூட்டத்துக்க கன்றில்லாத ஒரு வயசான, சாதுவான பசுவை விடுங்கோ. தொட்டி எங்க எண்டு அது காட்டும். அது படுத்தால் கன்றும் படுக்கும். ஒரு கன்றைத் தனியப் பிரிக்கிற எண்ணம் மட்டும் ஒருநாளும் வேண்டாம். தனிக் கன்று பத்துக் கன்றின்ர சத்தம் போடும்.

தூரம்: திறந்த வெளியில தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 70 இல இருந்து 280 மீற்றருக்குப் போனால் 12 டெசிபல், காதுக்குப் பாதிக்கும் குறைவாய்த் தெரியும். 32 ஏக்கரில அவ்வளவு இடம் கிழக்குப் பக்கம் கட்டாயம் இருக்கும். இங்க காத்துப் பெரும்பாலும் மேற்கில இருந்து அடிக்கிறதால, கிழக்கில வைச்ச சத்தம் வீட்டுக்கு எதிர்க்காத்தில போக வேணும், இன்னும் தேயும். வட்டப் பேல்களை (உருட்டிக் கட்டின காஞ்ச புல்லுக் கட்டு) இரண்டு அடுக்காய் அடுக்கிச் சுவர் வைக்கலாம். ஆனால் மாட்டுக்குக் கிட்ட, வீட்டு யன்னலில இருந்து மாடு தெரியாத மாதிரி வைச்சால்தான் பலன். வயல் நடுவில நாலு பேல் வைச்சு ஒண்டும் ஆகாது.

---

புதுப்பண்ணை

எல்லாத்தையும் சேர்த்து எழுதினன். பிழை இருந்தால் சொல்லுங்கோ.

செப்ரெம்பர் நடுவில முதல் ஊசி. ஒக்ரோபர் துவக்கத்தில திறந்த தொட்டியும் தானியமும். ஒக்ரோபர் இரண்டாம் திங்களோட வாற தாங்க்ஸ்கிவிங் நீண்ட விடுமுறையில எல்லா வீட்டிலயும் விருந்தாளி வருவினம், அதால அந்த நாள்களில ஒண்டும் இல்லை. அந்தத் திங்கள் முடிய, செவ்வாயில ஹெட்கேற்றில விட்டு ஊக்க ஊசியும் தட்டும். அடுத்த திங்கள் காலமை தட்டைக் கழட்டி, தாய்மாரை வேலிக்கு அங்கால விடுறது. கன்றுகள் கிழக்கு வயலிலயே நிக்கும். பிறகு ஒரு கிழமை கழிச்சுத் தாய்மாரைத் தூரத்து வயலுக்கு. கடிதம் தட்டுப் போட முதல்.

தாய்மாரைப் பிரிச்சுக் கொண்டுபோறது கொட்டிலடி மேற்குப் படலையால. அதுதான் ஹெட்கேற்றுக்குக் கிட்ட.

---

மாட்டு வைத்தியர்

நாள் கணக்குச் சரி. செவ்வாயில இருந்து திங்கள் வரை 6 நாள், தட்டுக்கு அளவான காலம். ஞாயிறு பின்னேரம் வானிலையை ஒருக்காப் பாருங்கோ. குளிர் மழை அல்லது ஈரப் பனி இரண்டு நாள் தொடர்ந்து எண்டால் ஒரு நாள் தள்ளலாம், 7 ஆம் நாளைத் தாண்ட வேண்டாம். நனைஞ்ச முதுகோட பிரிச்ச கன்றுக்குத்தான் சுவாசக் காய்ச்சல் கெதியாய் வரும். நவம்பருக்கு இழுபட விட வேண்டாம். மான் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தில பிரிஞ்ச கன்று வேலியைப் பிய்க்கும்.

விக்கிற எண்ணம் இருந்தால் பிரிச்ச திகதியை எழுதி வையுங்கோ. பிரிச்சு 45 நாள் கழிஞ்ச, ஊசி போட்ட கன்றோ எண்டு வாங்கிறவன் கேட்பான். காதுத் தோடு பண்ணையை விட்டு வெளிக்கிட முதல் இருக்க வேணும். ஹெட்கேற்றில நிக்கேக்கயே எண்ணைச் சரிபாருங்கோ.

---

கம்பிவேலி

தம்பி, ஒண்டை மாத்துங்கோ. மேற்குப் படலையால கொண்டுபோக வேண்டாம்.

பசு கன்றைக் கடைசியாய் எங்க கண்டதோ அங்கதான் திரும்பி வந்து நிக்கும். மேற்குப் படலையால பிரிச்சால், அடுத்த வயலில எவ்வளவு புல்லு இருந்தாலும் 11 தாயும் அந்தப் படலையடிக்கு வந்து, வீட்டைப் பார்த்துத்தான் கூப்பிடும். நீங்கள் கிழக்கில வேலி போட்டதெல்லாம் வீண்.

திங்கள் காலமை இப்படிச் செய்யுங்கோ. ஹெட்கேற்றில கன்றுகளின்ர தட்டைக் கழட்டி, தாயும் கன்றுமாய் எல்லாத்தையும் சேர்த்துக் கிழக்கு வயலுக்கு அனுப்புங்கோ. இரண்டு மணித்தியாலம் மேய விடுங்கோ, வேலி நெடுகத் தொட்டியையும் தானியத்தையும் அதுகள் காணட்டும். ஆறு நாளாய்ப் பால் வத்தினதால தாய்மார் அவ்வளவாய் ஊட்ட நிக்காது. பிறகு அந்த வயலின்ர கிழக்குப் படலையைத் திறந்து, ஒரு ஆள் படலையில நிண்டு தாயை மட்டும் ஒவ்வொண்டாய் வெளிய விடுங்கோ, கன்றைத் திருப்பி விடுங்கோ. தாய் முன்னால நடக்கப் பழகின மாடுகள் எண்டால், தீவன வாளியோட ஒருத்தர் அங்கால நிண்டால் காணும். நாய் வேண்டாம், கூச்சல் வேண்டாம்.

படலையைச் சங்கிலியால பூட்டின பிறகு வேலி முழுக்க ஒருக்கா நடந்து, தூரத்து முனையில வோல்ற்மீற்றர் வைச்சுப் பார்த்திட்டு வீட்டுக்குப் போங்கோ.

---

புதுப்பண்ணை

விளங்குது அண்ணா. கிழக்குப் படலையின்ர மேல் கீல் ஆணி இப்ப மேல் நோக்கித்தான் இருக்குது. இந்தச் சனி அதைத் திருப்பிப் போட்டு, மூலைக்குப் பேனல் இரண்டும் கட்டிறன். வடக்குப் பக்க வீட்டு வாசலில யூ செடி மூண்டு நிக்குது; அங்கதான் முதல் கடிதம்.